பெருக்கா, வத்தா? கங்கைப் பாலத்தடியில் நான் தொலைத்த 14 மாதங்கள்

2023 மார்ச்சில் என் முதுமாணி ஆய்வின் வாய்மொழிப் பரீட்சை நடந்தது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் விழும் பகுதியின் நீர்த்தரமும் மாசும், புள்ளிவிபரப் பகுப்பாய்வோடு, 142 பக்கம். பரீட்சகர் கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “கங்கைப் பாலத்தடியில தண்ணி எடுத்திருக்கிறீங்கள். எடுக்கேக்க கடல் பெருக்கா, வத்தா?” கடல் ஏறி நிற்கும் நேரமா, இறங்கிய நேரமா என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. ஒன்பது மாதத் தரவில் ஒரு நாளுக்குக்கூட அது எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த அறையில் நான் சொன்னது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்லிவிட்டார்கள். முடிவு வர 2024 மே ஆனது. அந்த 14 மாதத்தையும், அதற்கு முன்னால் கரைந்த காசையும் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஆற்றுத் தண்ணீரை எடுத்து எண்களாக்கப் போகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் இன்னும் வருவார்கள். எனக்கு ஒருவரும் சொல்லாததை அவர்களுக்காவது யாராவது சொல்ல வேண்டும்.

நான் திருகோணமலை நகரத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அம்மாவின் ஊர் மூதூர்ப் பக்கம். பாலங்கள் வருமுன் படகுப் பாதையில் ஏறி ஒவ்வொரு துறையாகக் கடந்து அம்மம்மா வீட்டுக்குப் போன காலம் எனக்குத் தெரியும். மாவலி என்று நாங்கள் சொல்லும் இந்த ஆறு 335 கிலோமீற்றர் ஓடி வருகிறது. தேயிலை மலை, கண்டி நகரம், பொலன்னறுவை வயல்கள் என்று நாட்டின் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு நிலத்தின் தண்ணீர் இதில்தான் வடிகிறது. வெருகல் ஆறாக ஒரு கிளை பிரிந்து தெற்கே கடலுக்குப் போக, மற்றது எங்கள் குடாவில் விழுகிறது. மேலே யார் எதைக் கொட்டினாலும் அது கடைசியில் வந்து சேரும் இடம் நாங்கள் இறாலும் மீனும் பிடிக்கும் இடம். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். வேறு சுகமான தலைப்புகள் இருந்தன.

2021 ஒக்டோபரில் தொடங்கினேன். ஆறு இடங்கள் குறித்தேன்: வெருகல் பாலம், வயல் வடிகால் வாய்க்கால் ஆற்றில் விழும் இரண்டு இடங்களின் மேலும் கீழும், கடைசியில் முகத்துவாரப் பக்கமுள்ள கங்கைப் பாலத்தடி. விடியவே ஓட்டோவில் வெருகலுக்குப் போய்விட்டு, திரும்பி வரும் வழியில் மற்ற இடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தால் கங்கைப் பாலத்துக்கு வரப் பகல் இரண்டு மணியாகும். ஒவ்வொரு மாதமும் இதே ஒழுங்கு. ஒரே ஒழுங்கில் செய்வதுதான் விஞ்ஞானம் என்று நினைத்திருந்தேன்.

என்னை உடைத்த பிழைகளில் முதலாவது இந்த ஒழுங்குதான். கரைந்த ஒட்சிசன் அளக்க வின்க்லர் முறையில் கரையிலேயே போத்தலுக்குள் மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் விட வேண்டும். மூடித் தலைகீழாகப் புரட்டினால் உள்ளே பஞ்சு போல ஒரு வீழ்படிவு உருவாகி மெதுவாக அடியில் உட்காரும். ஒட்சிசன் நிறைய இருந்தால் நல்ல மண்ணிறம், இல்லாவிட்டால் வெள்ளை. வெருகலில் காலையில் அது வெளிறிப் படியும், கங்கைப் பாலத்தடியில் பகலில் கடும் மண்ணிறமாகப் படியும். இதை மாதா மாதம் என் கண்ணாலேயே பார்த்தேன். இடங்களின் சராசரிகள் உண்மையில் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் மாறற்றிறன் பகுப்பாய்வு செய்தபோது இடங்களுக்கிடையில் பொருண்மையான, அதாவது தற்செயலென்று தள்ள முடியாத, வேறுபாடு வந்தது. வெருகல் பக்கம்தான், அழுகும்போது ஒட்சிசனைத் தின்னும் சேதனக் கழிவு அதிகம் என்று எழுதிவிட்டேன். ஆனால் ஆற்றில் உள்ள அல்காக்கள் பகலில் ஒட்சிசனை விடும், இரவு முழுக்கச் சுவாசித்து எடுக்கும். அதனால் பொதுவாக ஆற்றில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில், உச்சத்துக்குப் போவது பின்னேரம் ஆகுமுன். நான் ஒப்பிட்டது காலை ஏழு மணியையும் பகல் இரண்டு மணியையும். இரண்டு இடங்களை நான் ஒப்பிடவே இல்லை. சோதனை பிழையில்லாமல்தான் கணக்கிட்டது, வேறுபாடும் உண்மையிலேயே இருந்தது. அதன் காரணம்தான் என் பயண ஒழுங்கு. ஆகவே ஒரு மாதம் மேலிருந்து தொடங்கினால் அடுத்த மாதம் கீழிருந்து தொடங்குங்கள். முடியாவிட்டால் சீட்டுக் குலுக்கி ஒழுங்கைத் தீர்மானியுங்கள். ஒவ்வொரு போத்தலுக்கும் நேரத்தையும் தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதுங்கள். 20 பாகையில் நல்ல தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவில் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும், 30 பாகையில் ஏழரை அளவுதான். வெப்பநிலை இல்லாமல் ஒட்சிசன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் பேச முடியாது.

அடுத்தது காசு. ஒவ்வொரு இடத்திலும் மூன்று போத்தல் நிரப்பினேன். மூன்றும் ஒரே நிமிடத்தில், ஒரே இடத்தில். அதை மூன்று மாதிரி என்று எண்ணி, 54 தடவை எடுத்ததை 162 என்று ஆய்வேட்டில் போட்டேன். ஒரே சட்டியில் மூன்று கரண்டி எடுத்து மூன்று சட்டி ருசி பார்த்தேன் என்று சொல்வது போன்றது அது. இதற்குப் போலி மீள்செய்கை என்று பெயர். 1984 இல் ஸ்டூவர்ட் ஹேர்ல்பேர்ட் என்ற சூழலியலாளர் இதை விளக்கி எழுதிய பிறகு உலகமெல்லாம் பரீட்சகர்கள் தேடிப் பார்க்கும் முதல் பிழைகளில் இதுவும் ஒன்று. ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலுக்கு 2,400 ரூபாய். எனக்குத் தேவையில்லாத 108 போத்தலுக்கு 259,200 ரூபாய் கட்டியிருக்கிறேன். அதில் ஒரு பகுதி என் காப்பை அடகு வைத்த காசு, மிச்சம் சீட்டுக் காசு. அளவீட்டில் எவ்வளவு தளம்பல் என்று பார்க்கப் பத்துக்கு ஒன்று இரட்டைப் போத்தல் எடுத்திருந்தாலே போதும். அந்தக் காசுக்கு இன்னும் எத்தனையோ நாள் ஆற்றுக்குப் போயிருக்கலாம். கணக்குப் பார்த்த அன்று இரவு நான் அழுதேன்.

ஒன்பது மாதம் என்று ஏன் சொன்னேன் என்றால், மூன்று மாதம் என்னிடம் இல்லை. 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்த மாதம் ஆற்றுப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. 2022 ஜூனும் ஜூலையும் பெற்றோல் இல்லை. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாய் விற்ற பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய், அதுவும் வரிசையில் நாள் கணக்கில் நின்றால். விடுபட்ட மாதங்களுக்கு மென்பொருள் ஒரு வசதி வைத்திருக்கிறது: ஒரு பொத்தானை அமத்தினால் மற்ற மாதங்களின் சராசரியை எடுத்து வெற்றிடத்தில் போட்டுவிடும். தயவுசெய்து அதை அமத்தாதீர்கள். எனக்கு விடுபட்ட ஜூனும் ஜூலையும் சிறுபோக நடுப்பகுதி, ஆற்றில் தண்ணீர் குறைவு, அழுக்கு இருந்தால் தடித்துத் தெரியும் காலம். மற்ற மாதங்களின் சராசரியை அங்கே நட்டு வைப்பது அந்த ஆற்றைப் பற்றிப் பொய் சொல்வது. விடுபட்டதை விடுபட்டதாகவே காட்டி, ஏன் விடுபட்டது என்றும் எழுதிவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் உறையவைத்திருந்த போத்தல்கள் உருகி மறுபடி உறைந்தன. அந்த மாதத்து நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் நான் எடுத்து வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. மேற்பார்வையாளர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார், கேட்பதற்கு ஆளும் இல்லை, கேட்கப் பயமாகவும் இருந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது. 2022 ஏப்ரலுக்குப் பிறகு என் தரவில் நைத்திரேற்று சடாரென்று விழுந்தது. அந்தக் காலம் நினைவிருக்கும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் தடையை எடுத்தும் யூரியா கைக்கு எட்டவில்லை, எட்டியவர்களால் வாங்க முடியவில்லை. மூதூர், கிண்ணியா, சேருவில வயல்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும், என் மாமாவும் அவர்களில் ஒருவர். ஆகவே உரம் இல்லாததால் ஆற்றில் நைத்திரேற்று குறைந்தது என்று இரண்டு பக்கம் எழுதினேன். சோதனையும் பெரிய பொருண்மையோடு ஆமாம் என்றது. அந்த இரண்டு பக்கம்தான் முழு ஆய்வேட்டிலும் நான் மிகவும் விரும்பி எழுதிய இடம். நடந்தது என்னவென்றால், ஏப்ரலில் நான் ஆய்வுகூடத்தை மாற்றினேன். பழைய ஆய்வுகூடம் நைத்திரேற்றை நைத்திரேற்றாகவே அறிக்கையிட்டது. புதியது நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் அறிக்கையிட்டது. இரண்டாவதை முதலாவதாக்க 4.43 ஆல் பெருக்க வேண்டும். இரண்டு தாளிலும் ‘லீற்றருக்கு மில்லிகிராம்’ என்றுதான் இருந்தது. தலைப்பில் ஒரு சின்ன எழுத்துதான் வித்தியாசம். பெருக்கிப் பார்த்தேன், வீழ்ச்சி காணாமல் போய்விட்டது. குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 50 என்ற வரம்பு நைத்திரேற்றுக்கு. அதையே நைதரசனாகச் சொன்னால் 11 அளவு. எந்தப் பழைய அறிக்கையை எடுத்தாலும் முதலில் இதைப் பாருங்கள். காரணம் ஒன்று மனதில் ஏற்கெனவே தயாராக இருந்ததால் நான் எண்ணைச் சந்தேகிக்கவே இல்லை. உரமில்லாத ஒரு வருடத்துத் தரவை வைத்து ‘மாவலியின் நைத்திரேற்று இவ்வளவு’ என்று பொதுவாகவும் சொல்ல முடியாது என்பதையும் பரீட்சகர் எடுத்துச் சொன்னார். அது நியாயம். ஆற்றில் ஒன்று வருடா வருடம் கூடுகிறதா குறைகிறதா என்று போக்குச் சொல்ல மாதாந்தத் தரவு ஐந்து வருடமாவது வேண்டும்.

கண்டறியும் எல்லைக்கு (ஆய்வுகூடத்தால் நிச்சயமாகக் காணக்கூடிய மிகச் சிறிய அளவுக்கு) கீழே என்று வந்த பொசுபேற்று எண்களுக்கெல்லாம் பூச்சியம் போட்டிருந்தேன். பூச்சியம் வேண்டாம், எல்லையில் பாதியும் நல்ல பழக்கமில்லை. இப்படிப்பட்ட தரவுக்கென்றே ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளில் நாடா (NADA) என்ற பொதி இருக்கிறது. அல்லது இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை, மட்டும் சொல்லிவிடுங்கள். பாதிக்கு மேற்பட்ட எண்கள் எல்லைக்கு மேலே இருந்தால் இடையம் ஆடாமல் நிற்கும்.

நீர்த்தரச் சுட்டியில் நான் பட்டது கொஞ்சம் பெரிது. பல அளவீடுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கி, தண்ணீர் நல்லது, கூடாது என்று சொல்லும் முறை அது. நம் பக்கம் பலரும் பாவிக்கும் சூத்திரத்தில் ஒவ்வொன்றின் நிறையும் அதன் வரம்பின் தலைகீழ். இரும்பின் வரம்பு 0.3, நைத்திரேற்றின் வரம்பு 50 என்று போட்டால் இரும்புக்கு நைத்திரேற்றைவிட 160 மடங்குக்கு மேல் நிறை கிடைத்துவிடும். மாரியில் கலங்கல் தண்ணீரோடு வரும் மண்ணில் இரும்பு இருக்கத்தான் செய்யும். என் சுட்டி டிசம்பரில் ‘பாவனைக்கு உதவாது’ என்று கத்தியது மாசைப் பார்த்து இல்லை, செம்மண்ணைப் பார்த்து. சுட்டி போடுங்கள், ஆனால் அதை ஆட்டுவது எந்த அளவீடு என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பெருக்கும் வத்தும் என் ஆய்வேட்டின் நடுத்தூணையே சாய்த்தது. சேர்ந்து கூடிக் குறையும் அளவீடுகளை ஒரே கூறாகத் திரட்டிக் காட்டும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு செய்தபோது மின்கடத்துதிறன், மொத்தக் கரைந்த திண்மம், உவர்த்தன்மை, குளோரைட்டு, சல்பேற்று எல்லாம் முதல் கூறில் ஒன்றாக வந்து நின்றன. மொத்த மாறலில் பாதிக்கு மேல் அந்த ஒரு கூறில். நான் அதற்கு ‘நகர, கைத்தொழில் கழிவுக் காரணி’ என்று பெயர் வைத்தேன். ஒத்த இடங்களைக் குழுவாக்கும் கொத்தணிப் பகுப்பாய்விலும் கங்கைப் பாலத்தடி தனிக் கொத்தணியாகப் பிரிந்தது, அதை ‘கடும் மாசு வலயம்’ என்று சிவப்பு நிறம் தீட்டி வரைபடம் போட்டேன். உண்மையில் என் கையிலிருந்த மீற்றர் அளப்பது மின்கடத்துதிறன் ஒன்றைத்தான். கரைந்த திண்மத்தையும் உவர்த்தன்மையையும் அதையே ஒரு காரணியால் பெருக்கியும் மாற்றியும் திரையில் காட்டுகிறது. ஒரே அளவீட்டை மூன்று பெயரில் மூன்று முறை உள்ளே விட்டால் அது முதல் கூறைப் பிடிக்காமல் வேறென்ன செய்யும்? அந்த அளவீட்டுக்குப் பின்னால் நின்றது கழிவில்லை, கடல். ஆற்றுத் தண்ணீர் சென்ரிமீற்றருக்குச் சில நூறு மைக்ரோசீமென்ஸ், கடல் தண்ணீர் 50,000 அளவு. கடலில் ஒரு கை கலந்தாலே மற்றெல்லாம் மூழ்கிவிடும்.

பரீட்சைக்குப் பிறகு, பெருக்கு வத்து பற்றி எங்காவது ஒரு சொல் எழுதியிருக்கிறேனா என்று களக் கொப்பியைத் தாள் தாளாகப் பார்த்தேன். தண்ணீர் பட்டு மை ஊறின தாள்கள். பெப்ரவரிப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால், என் கையெழுத்து: ‘சவர் ஏறுது - நானா’. சவர் என்றால் உப்புத் தண்ணீர். மேயிலும் ஓகஸ்டிலும் அதே மாதிரி. கங்கைப் பாலத்தடியில் எனக்குத் தோணி விட்டவர் கிண்ணியாப் பக்கத்து ஒருவர், அவரை நானா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். துடுப்பைப் போட்டுவிட்டு ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுத் துப்புவார். “தங்கச்சி, சவர் ஏறுற நேரத்துல வந்திருக்கீங்க. ஆத்துத் தண்ணிதான் வேணுமெண்டா விடிய வத்துல வாங்க” என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குத் திரும்பவும் கேட்டது. நான் அதைக் கேட்டு, எழுதியும் வைத்து, கணக்கில் சேர்க்கவில்லை. நாற்பது வருடம் அந்த ஆற்றில் நின்ற மனிதர் என் முதல் கூறு என்ன என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

2023 ஜூலை, ஓகஸ்டில் மறுபடி போனேன். கடல் கூடுதலாக ஏறி இறங்கும் போயாவை (பௌர்ணமியை) ஒட்டிய நாட்களில் மூன்று, இடைப்பட்ட நாட்களில் மூன்று, மொத்தம் ஆறு நாள். நம் கரையில் பெருக்குக்கும் வத்துக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வராது, அதனால்தான் நானும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் அந்தச் சின்ன ஏற்றமே கடலை ஆப்பு மாதிரி அடியால் உள்ளே தள்ளுகிறது. போத்தலுக்குக் கல் கட்டி, தக்கையை நூலால் இழுத்துத் திறக்கிற மாதிரிச் செய்து அடியில் இறக்கினோம். மேலே எடுத்த தண்ணீர் வாயில் வைக்கக்கூடியதாக இருந்தது, அடியில் எடுத்தது தனிச் சவர். ஒரே தோணியில், ஒரே நிமிடத்தில். மேலே மட்டும் எடுத்து ‘இந்த இடத்துத் தண்ணீர்’ என்று நான் எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் அன்று தோணியிலேயே மனதுக்குள் அடித்தேன்.

இப்போது முகத்துவாரத்தில் மாசு பார்க்கச் சராசரிகளை ஒப்பிட மாட்டேன். ஒரு அச்சில் உவர்த்தன்மை, மற்றதில் நைத்திரேற்று. மேலே உள்ள தூய ஆற்றுப் புள்ளியையும் வெளிக்கடல் புள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்தால், வெறும் கலப்பு மட்டும் நடந்தால் இடையிலுள்ள எல்லாப் புள்ளிகளும் அந்தக் கோட்டில் கிடக்கும். கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி எழும்பினால் இடையில் எங்கோ ஒன்று வந்து சேருகிறது, கீழே இருந்தால் ஏதோ அதை உறிஞ்சுகிறது. எந்தப் பெரிய பகுப்பாய்வும் எனக்குக் காட்டாததை, கோட்டுத்தாளில் பென்சிலால் போட்ட இந்தக் கோடு காட்டியது. வடிகால் வாய்க்கால்களுக்கு மேலும் கீழும் எடுத்ததை அதே நாளுக்குள் சோடியாக வைத்து வில்கொக்சன் சோதனை செய்தேன். மழை, வெயில், அன்றைய ஆற்று மட்டம் எல்லாம் சோடியின் இரண்டு பக்கத்திலும் ஒன்றாக இருப்பதால் கழிந்துவிடும். பழைய தரவில் உருப்படியாக மிஞ்சியது அந்தச் சோடிகள்தான்.

இரண்டாம் ஆய்வேடு 83 பக்கம். ‘கடும் மாசு வலயம்’ வரைபடம் அதில் இல்லை. ஆறு மாசடைந்திருக்கிறது என்றோ சுத்தம் என்றோ அது சொல்லவில்லை. வாய்க்கால் வாயில் எது எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. அது சின்னதாகத் தெரியலாம், ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் நான் பொறுப்புச் சொல்வேன். அந்தச் சிவப்பு வரைபடம் வெளியே போய், ‘கங்கைப் பால மீன் நஞ்சு’ என்று யாராவது பரப்பியிருந்தால் நானாவின் பிடியை யார் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

களக் கொப்பியில் நான் இப்போது கோடு போட்டு வைத்திருக்கும் நிரல்கள் இவை: திகதி, நேரம், பெருக்கா வத்தா, பிறை எத்தனை, மேல் தண்ணியா அடித் தண்ணியா, வெப்பநிலை, மின்கடத்துதிறன், மூன்று நாளுக்குள் மழை, பக்கத்து வயலில் என்ன வேலை நடக்கிறது, எந்த ஆய்வுகூடம், எந்த அலகு, தோணிக்காரர் என்ன சொன்னார். மூதூர், கிண்ணியாப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு அதைப் பிரதி எடுத்துத் தரலாம். என் மீற்றரும் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது, கொண்டு போகலாம். அளவுதிருத்தத் திரவம் மட்டும் புதிதாக வாங்க வேண்டும், இருக்கிறது காலாவதியாகிவிட்டது. வாங்கும்போது 1413 மைக்ரோசீமென்ஸ் திரவம் மட்டும் போதாது, 12,880 உம் வாங்குங்கள். பாலத்தடியில் சவர் ஏறினால் 1413 இல் திருத்திய மீற்றர் உங்களுக்கு உண்மை சொல்லாது.